பன்னிரண்டு தேர்தல், ஒரே தொகுதி

அன்புள்ள செந்திலுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். வாட்ஸ்அப்பில் நீ கேட்டதற்கு இரண்டு வரியில் பதில் போட வரவில்லை, அதனால் இந்தக் கடிதம். சர்வேக்குப் போகிற ஊரிலெல்லாம் ஐந்து வருஷத்திலேயே எம்.எல்.ஏ. மேல் ஜனங்களுக்குச் சலிப்பு வந்துவிடுகிறது, உங்கள் கோட்டயம் பக்கத்துப் புதுப்பள்ளித் தொகுதியில் மட்டும் காங்கிரஸ்காரர், கேரள முதலமைச்சராகவும் இருந்த உம்மன் சாண்டியை எப்படி 53 வருஷம் வைத்திருந்தீர்கள், வேறு ஆளே கிடைக்கவில்லையா என்று கேட்டிருந்தாய். கேள்வியில் கொஞ்சம் நக்கல் இருந்தது. இருக்கட்டும்.

1970இல் அவர் முதல்முறை ஜெயித்தபோது நான் கம்பத்தில் டிராயர் போட்ட பையன். புதுப்பள்ளித் தொகுதியில் இருக்கிற இந்த மணர்காட்டில் காய்கறிக் கடை போட்ட பிறகு பழைய வாடிக்கையாளர்கள் சொல்லிக் கேட்டதுதான். அவருக்கு அப்போது 26 வயது, மாணவர் காங்கிரஸிலிருந்து வந்தவர். புதுப்பள்ளி மார்க்சிஸ்ட் கட்சியின் கையில் இருந்தது. சிட்டிங் எம்.எல்.ஏ.வை 7,288 ஓட்டில் தோற்கடித்தார். அதிலிருந்து 2021 வரை பன்னிரண்டு தேர்தல், பன்னிரண்டிலும் வெற்றி. கேரளாவில் 2021க்கு முன்பு ரொம்ப காலம் ஆட்சி ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மாறி மாறி வந்தது என்பது உனக்குத் தெரியும். மாநிலமே இடது பக்கம் சாய்ந்த தேர்தல்களிலும் புதுப்பள்ளி மட்டும் அசையவில்லை. பாராளுமன்றத்துக்கு ஒருமுறைகூட அவர் போட்டியிட்டதில்லை. 2022 ஆகஸ்டில், பாலா தொகுதியில் விடாமல் ஜெயித்துவந்த கேரள காங்கிரஸ் தலைவர் கே.எம். மாணியைத் தாண்டி, கேரள சட்டசபையில் அதிக காலம் உறுப்பினராக இருந்தவர் ஆனார். பாலாக்காரர்களுக்கு அது கொஞ்சம் வருத்தம்தான்.

சரி, எப்படி? உன் கம்பெனி ஆட்கள் சாதி, மதம், கட்சி என்று கட்டம் போடுவார்கள். அது பொய்யில்லை. அவர் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவ சபைக்காரர், தொகுதியில் அந்தச் சபைக்காரர்கள் நிறைய. ஆனால் அந்தக் கணக்கு மட்டும் பன்னிரண்டு முறை ஜெயிக்க வைக்காது. எனக்குத் தெரிந்த காரணம் ஞாயிற்றுக்கிழமை.

திருவனந்தபுரத்தில் எந்தப் பதவியில் இருந்தாலும் ஞாயிறு என்றால் புதுப்பள்ளி வீட்டுக்கு வந்துவிடுவார். கடைக்கு எதிர்வீட்டு அம்மச்சியின் மகனுக்குச் சிகிச்சை உதவி கேட்டு நானும் துணைக்குப் போயிருக்கிறேன். விடியும் முன்பே முற்றம் நிறைந்துவிட்டது. கேட்டில் யாரும் நிறுத்திக் கேட்கவில்லை. திண்ணை, ஹால், உள்ளறை வாசல் வரைக்கும் ஆள். நடுவில் கசங்கிய வெள்ளைக் கதர்ச் சட்டை, சீப்பு படாத தலைமுடி. உட்காரவே இல்லை. ஒவ்வொருவராக அவர் காதருகே வந்து சொல்கிறார்கள், அவர் குனிந்து கேட்கிறார். தாளை வாங்கிப் பக்கத்தில் நிற்பவரிடம் தள்ளிவிடுகிற வேலை இல்லை. முழுதாகப் படித்து, ஓரத்தில் இரண்டு வரி எழுதி, அங்கேயே கையெழுத்து. அம்மச்சிக்கு இரண்டு நிமிஷம்கூடக் கிடைத்திருக்காது. திரும்பி வரும்போது ஆட்டோவில், "குஞ்ஞூஞ்ஞு கேட்டு" என்றாள். கேட்டுவிட்டார் என்று. இங்கே கிழவிகள் முதலமைச்சரையும் செல்லப்பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். பணம் அப்புறம்தான் வந்தது, அவள் எதிர்பார்த்ததைவிடக் குறைவாகத்தான் வந்தது. ஆனால் ஓட்டு அன்றைக்கே முடிவாகிவிட்டது.

முதலமைச்சரானதும் இதையே மாவட்டம் மாவட்டமாக நடத்தினார், ஜனசம்பர்க்கம், அதாவது மக்கள் தொடர்பு என்று பெயர். காலையில் மேடை ஏறினால் நள்ளிரவு தாண்டியும் இறங்க மாட்டார். ஸ்ட்ரெச்சரில் படுத்தபடியே ஆட்கள் வருவார்கள். 2013இல் அதற்கு ஐ.நா.வின் பொதுச்சேவை விருது கிடைத்தது. எதிர்க்கட்சிக்காரர்கள் வில்லேஜ் ஆபீசர் பார்க்க வேண்டிய வேலையை முதலமைச்சர் பார்க்கிறார் என்று கிண்டல் செய்தார்கள். எனக்கு அது கிண்டலாகப் படவில்லை, நியாயமான கேள்வியாகத்தான் பட்டது. விதவைக்குச் சேர வேண்டிய பென்ஷனுக்கு அவள் மைதானத்தில் நடு ராத்திரி வரை நிற்க வேண்டுமென்றால், ஊரில் அத்தனை ஆபீஸ் எதற்கு? 53 வருஷம் சட்டசபையில் இருந்த ஒருவர் அந்தக் கதவுகளைத் தானாகத் திறக்கும்படி செய்துவிட்டுப் போயிருக்கலாம். அவர் ஒவ்வொரு முறையும் தானே வந்து திறந்துவிட்டார். அதனால்தான் அவர் தேவைப்பட்டுக்கொண்டே இருந்தார் என்றும் சொல்லலாம். இதை இங்கே டீக்கடையில் சொன்னால் அடிக்க வருவார்கள். உன்னிடம் சொல்லலாம்.

முல்லைப் பெரியாறு விஷயத்தில் எனக்கு அவர் மேல் கோபம் இருந்தது. 2011 டிசம்பரில் குமுளி எல்லை கொதித்தபோது கம்பத்திலிருந்து கே.கே. ரோடு (கோட்டயம்–குமுளி ரோடு) வழியாக இறங்க வேண்டிய சரக்கு நின்றுபோனது. தக்காளி இல்லாத காய்கறிக் கடையை நீ பார்த்திருக்கிறாயா? புது அணை வேண்டும் என்று கேரளக் கட்சிகள் எல்லாமே ஒரே குரலில் பேசின, அவரும் அதையே பேசினார். முதலமைச்சர் வேறெப்படிப் பேசுவார் என்று இப்போது யோசித்தால் புரிகிறது. அன்று புரியவில்லை.

2011இல் வந்த அந்த ஆட்சிக்குச் சட்டசபையில் 140இல் 72 பேர்தான் பலம். இரண்டு பேர் முறுக்கிக்கொண்டால் கவிழ்ந்துவிடும். ஆனாலும் ஐந்து வருஷம் ஓட்டிவிட்டார், அது தனி சாமர்த்தியம். விழிஞ்ஞம் துறைமுக ஒப்பந்தம் அப்போது போட்டதுதான். சோலார் ஊழல் வெடித்ததும் அப்போதுதான். சோலார் பேனல் போட்டுத் தருவதாகப் பணம் வாங்கி ஏமாற்றிய கும்பலோடு அவர் ஆபீஸ் ஆட்களின் பெயரும் அடிபட்டது. தலைமைச் செயலகத்தைச் சுற்றி முற்றுகை, கண்ணூரில் காரின் மேல் கல்வீச்சு, நெற்றியில் காயம். எல்லோரையும் பக்கத்தில் விடுகிறவருக்கு யாரை விடக் கூடாது என்று தெரியாமல் போனதன் விலை அது என்பது என் எண்ணம். அவர் மேல் இருந்த பாலியல் புகாரில் ஆதாரம் இல்லை என்று சி.பி.ஐ. சொன்னபோது 2022 முடியப் போகிறது, அவர் உடம்பும் முடியாமல் இருந்தார்.

உன் வேலைக்கு உதவுகிற தகவல் ஒன்று. 2021இல் அவரைத் திருவனந்தபுரத்தின் நேமம் தொகுதியில் நிறுத்தலாம் என்று கட்சியில் பேச்சு கிளம்பியது. புதுப்பள்ளி வீட்டு முன்னால் கூட்டம் கூடிவிட்டது. ஒருவர் கூரை மேல் ஏறி நின்றுகொண்டு குதித்துவிடுவேன் என்றார். புதுப்பள்ளியை விட்டுப் போகமாட்டேன் என்று அவர் அறிவித்த பிறகுதான் இறங்கினார். இவ்வளவு பாசம் காட்டிய ஊர் அந்தத் தேர்தலில் கொடுத்த வித்தியாசம் 9,044 ஓட்டு. பத்து வருஷத்துக்கு முன்னால் அது 33,000க்கு மேல். கூரை மேல் ஏறியவரை மட்டும் பார்த்தால் இது தெரியாது, நம்பரை மட்டும் பார்த்தால் கூரை மேல் ஏறியவரைத் தெரியாது.

2023 ஜூலை 18இல் பெங்களூரில் இறந்தார். அரசு மரியாதை வேண்டாம் என்று குடும்பம் சொல்லிவிட்டது. அரசுப் பேருந்தில் உடலை வைத்துத் திருவனந்தபுரத்திலிருந்து கோட்டயம் கொண்டுவந்தார்கள். 150 கிலோமீட்டர்தான், ஒரு நாளுக்கு மேல் ஆனது. ராத்திரி மழையிலும் ரோட்டோரம் "கண்ணே கரளே" (கண்ணே, உயிரே) என்று கோஷம். உன் அம்மா திருநக்கரை மைதானத்தில் வரிசையில் நின்றாள், நான் கடையைப் பார்த்துக்கொண்டேன். செப்டம்பர் இடைத்தேர்தலில் மகன் சாண்டி உம்மன் 37,719 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். அது அப்பாவுக்கு விழுந்த ஓட்டு என்று நான் சொல்கிறேன், உன் அம்மா ஒத்துக்கொள்ளவில்லை.

உங்கள் கேள்வித்தாளில் "எம்.எல்.ஏ. வேலையில் திருப்தியா" என்ற கேள்வி இருக்கிறது என்றாய். அதற்கு முன்னால் "அவரை நேரில் பார்த்துப் பேசியிருக்கிறீர்களா, பேசிய காரியம் ஆபீஸில் தானாக நடந்திருக்க வேண்டியதா" என்று இரண்டு கேள்வி சேர்க்கச் சொல்லிப் பார். உன் மேனேஜர் ஒத்துக்கொண்டால் முதல் பாரத்தை நானே நிரப்பித் தருகிறேன்.

அம்மா எலுமிச்சை ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறாள். லீவு எப்போது என்று எழுது.

அன்புடன்,
அப்பா