கிரான் வேலைகள்: ஞாயிறு காலை 10 மணிக்குள் சரிபாருங்கள்

வணக்கம் நண்பர்களே. நம் பழைய மாணவர் சங்கத்தின் டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்ளும் எல்லாருக்கும் இது. சந்தா பாக்கிப் பட்டியல் எடுக்கும் க்வெரி (டேட்டாபேஸுக்குக் கொடுக்கும் கட்டளை) மூன்று இரவாக ஓடவில்லை. பிஎஸ்க்யூஎல்லில் (க்வெரிகளை ஓட்டும் நிரல்) கையால் போட்டால் நொடியில் வருகிறது, கிரான் (குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் நிரல்) வழியாக ஓடினால் காலிக் கோப்புதான் மிஞ்சுகிறது. லாக்கைத் திறந்து பார்த்தால் கட்டளையே கிடைக்கவில்லை என்று ஒரே ஒரு வரி. நம் டெர்மினலில் இருக்கும் பாத் (நிரல்களை எங்கெல்லாம் தேட வேண்டும் என்ற பட்டியல்) கிரானுக்குக் கிடைப்பதில்லை, அதுதான் காரணம்.

செய்ய வேண்டியவை:

1. கிரான்டேபில் (கிரான் வேலைகளை எழுதி வைக்கும் கோப்பு) பிஎஸ்க்யூஎல்லுக்கு முழுப் பாதை கொடுங்கள்.
2. பாஸ்வேர்டை பிஜிபாஸ் (.pgpass) கோப்பில் வையுங்கள், அனுமதி 600, அதாவது உரிமையாளர் மட்டும் படிக்கவும் எழுதவும் முடியும். மற்றவர்கள் படிக்கும்படி இருந்தால் பிஎஸ்க்யூஎல் அந்தக் கோப்பையே எடுத்துக்கொள்ளாது.
3. பிஎஸ்க்யூஎல்லில் ஆன் எரர் ஸ்டாப்பை (பிழை வந்தால் அங்கேயே நிறுத்தச் சொல்லும் அமைப்பு) 1 என வையுங்கள். இது ரொம்ப முக்கியம். இல்லாவிட்டால் கோப்பில் நடுவே ஒரு க்வெரி தவறினாலும் அடுத்ததற்குத் தாவிப் போய், கடைசியில் எல்லாம் சரி என்று 0 கொடுத்துவிடும், நமக்குத் தெரியவே தெரியாது.
4. சர்வர் யுடிசி (உலகப் பொது நேரம்) நேரத்தில் இருக்கிறது. நமக்கு அதிகாலை 2 மணி என்றால் அங்கே முந்தைய நாள் 20:30. அதனால் மாதம் 1ஆம் தேதி ஓட வேண்டியவற்றை இன்னொரு முறை பாருங்கள்.
5. பிழைச் செய்தியும் லாக்கில் விழ வேண்டும்.

முடித்தவர்கள் வேலையின் பெயரோடு "முடிந்தது" என்று இங்கேயே போடுங்கள். பழைய பதிவுகளை அழிக்கும் க்வெரி யாரிடமாவது இருந்தால் அதை இப்போதே நிறுத்திவிட்டு எனக்குச் சொல்லுங்கள்.