எழுத்துரு மாறினால் ஒரு வரி சொல்லுங்கள்: வரைபட மென்பொருள் உருவாக்குவோருக்குத் திறந்த மடல்

அன்புடையீர்,

க்னூபிளாட், மேட்பிளாட்லிப், ஆர் போன்ற, தரவை வரைபடமாக்கும் மென்பொருள்களை எழுதிப் பராமரிக்கும் உங்கள் எல்லோருக்கும் இந்த மடல். இதில் பெரும்பகுதி சம்பளமில்லாத உழைப்பு என்று தெரியும். அந்த நன்றியோடுதான் எழுதுகிறேன். கேட்பது முக்கியமாக ஒன்றுதான். நாங்கள் சொன்ன எழுத்துரு கிடைக்காவிட்டால், வேறொன்றைப் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்துவிடாதீர்கள். எந்த வடிவத்தில் சேமித்தாலும் சரி, எதைக் கேட்டோம், எது போடப்பட்டது என்று ஒரு வரி காட்டுங்கள்.

க்னூபிளாட்டையே எடுத்துக்கொள்வோம். ஒரே ஸ்கிரிப்ட், ஒரே வரைபடம். ஆனால் எந்த வடிவத்தில் வெளியிடுவது என்று நாம் தேர்ந்தெடுக்கும் 'டெர்மினல்' ஒவ்வொன்றும் எழுத்துருவை வேறு விதமாகக் கேட்கும். போஸ்ட்ஸ்கிரிப்ட் டெர்மினலுக்கு 'டைம்ஸ்-ரோமன்' என்று போஸ்ட்ஸ்கிரிப்ட் பெயரைச் சொல்ல வேண்டும். பிடிஎஃப் கோப்பு தரும் பிடிஎஃப்கைரோ டெர்மினலுக்குக் கணினியில் நிறுவியிருக்கும் எழுத்துருக் குடும்பத்தின் பெயர். ஜிடி என்ற, படம் வரையும் நிரல் நூலகத்தை நம்பியிருக்கும் பிஎன்ஜி டெர்மினலோ எழுத்துருக் கோப்பையே தேடிப் போகும். அது எந்த அடைவில் இருக்கிறது என்பதை ஜிடிஃபான்ட்பாத் என்ற சூழல் மாறியில் நாம் சொல்லி வைக்க வேண்டியிருக்கும். கோப்பு கிடைக்காவிட்டால், அளவு மாற்ற முடியாத உள் எழுத்துருவைப் பயன்படுத்துவதாக ஒரு செய்தி வருகிறது. நல்லது, இதைத்தான் நான் வேண்டுகிறேன். அந்த ஒரு வரியைப் பார்த்தவருக்கு, எழுத்தின் அளவை 12லிருந்து 20 ஆக்கியும் படத்தில் ஏன் எதுவும் மாறவில்லை என்று உடனே புரியும். பிடிஎஃப்கைரோ பயன்படுத்தும் கைரோ என்ற வரைகலை நூலகத்தின் வழியில் இந்த உதவி இல்லை. அங்கே எழுத்துருவைத் தேடித் தரும் ஃபான்ட்கான்ஃபிக் என்ற நூலகம், தனக்கு நெருக்கமாகத் தோன்றும் எழுத்துருவை எடுத்துக் கொடுத்துவிடும். பெயரில் ஒரு எழுத்து பிழையாக இருந்தாலும் படம் வந்துவிடும், சத்தமே இருக்காது.

எஸ்விஜி என்ற படக்கோப்பு வடிவத்தில் சிக்கல் வேறு. கோப்புக்குள் எழுத்துருவின் பெயர் மட்டுமே எழுதப்பட்டால், படம் எப்படித் தெரியும் என்பதைத் திறப்பவரின் கணினிதான் முடிவு செய்யும். அங்கே அந்த எழுத்துரு இல்லையென்றால் எழுத்துகள் அகன்று, வரைபட அச்சின் எண்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். மேட்பிளாட்லிப் இயல்பாகவே எஸ்விஜி எழுத்துகளைக் கோடுகளாக மாற்றிவிடுகிறது. படம் எங்கும் ஒரே மாதிரி இருக்கும். ஆனால் அதில் சொல்லைத் தேடவோ திருத்தவோ முடியாது. இரண்டுக்கும் தேவை உண்டு. எது நடக்கிறது என்பது சேமிக்கும்போதே தெரிந்தால் போதும். பிடிஎஃப்பிலும் அப்படித்தான்: மேட்பிளாட்லிப் இயல்பாக 'டைப் 3' என்ற வகை எழுத்துருவாகப் பொதிக்கிறது, சில ஆய்விதழ்கள் அதை ஏற்பதில்லை. 'பிடிஎஃப்.ஃபான்ட்டைப்' என்ற அமைப்பை 42 ஆக்கினால் வேறு வகையாகப் பொதியும், சிக்கல் தீர்ந்தது. ஆனால் இந்த எண்ணைப் பலரும் தெரிந்துகொள்வது கட்டுரை திரும்பி வந்த பிறகுதான்.

அப்புறம், தமிழ். 'வெப்பநிலை' என்று அச்சுக்குப் பெயர் வைக்கிறேன். கைரோவும், எழுத்து வரிகளை அமைக்கும் பாங்கோ என்ற நூலகமும் சேர்ந்த வழியில் அது சரியாக வருகிறது, ஏனென்றால் அங்கே எழுத்துகளை இணைத்து அமைக்கும் வேலையை ஹார்ஃப்பஸ் என்ற நூலகம் பார்த்துக்கொள்கிறது. அப்படி ஒன்று இல்லாத வழியில், சேமித்து வைத்த வரிசையிலேயே குறிகள் ஒவ்வொன்றாக அடுக்கப்படும். முதல் எழுத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு, 'வ'வைத் தாண்டிப் போய் அடுத்த 'ப'வுக்கு முன்னால் உட்காரும். கடைசி ஐகாரக் குறி 'ல'வுக்குப் பின்னால் தொங்கும். எழுத்துரு சரி, யூனிகோடும் சரி, படம் மட்டும் தப்பு. இதற்கு எச்சரிக்கையும் வராது, ஏனென்றால் மென்பொருளின் கணக்கில் எந்த எழுத்தும் விடுபடவில்லை. தமிழ் படிக்கத் தெரியாத ஒருவர் அதைச் சரிபார்த்து அனுப்பிவிட முடியும் என்பதுதான் எனக்குப் பெரிய கவலை. ஆரின் பிடிஎஃப் கட்டளையில் தமிழ் எழுத்துகள் புள்ளிகளாகிவிடும். எழுத்து மாற்றம் தோற்றது என்ற எச்சரிக்கை வருகிறது, ஆனால் 'கைரோ_பிடிஎஃப் கட்டளையை முயன்று பாருங்கள்' என்ற ஒரு சொல் அதில் இருந்தால் எத்தனை பேருக்கு வேலை மிச்சமாகும்!

அளவைப் பற்றியும் கொஞ்சம். மேட்பிளாட்லிப்பின் இயல்பான படம் 6.4 அங்குல அகலம். அதை 3.5 அங்குலப் பத்தியில் சுருக்கி வைத்தால், 10 பாயின்ட் எழுத்து ஏறக்குறைய ஐந்தரை பாயின்டாகிவிடும். இது மென்பொருளின் குற்றமில்லை. ஆனால் கையேட்டில் முதலில் சொல்ல வேண்டிய விஷயம். எழுத்து அளவைத் தொடுவதற்கு முன், படம் கடைசியில் எந்த அகலத்தில் நிற்கப்போகிறது என்று முடிவு செய்யச் சொல்லுங்கள்.

எல்லா வடிவங்களுக்கும் எழுத்துருவைப் பெயரிடும் முறை ஒன்றாகவே இருந்தால் நன்றாக இருக்கும். அது பெரிய வேலை, காத்திருக்கிறோம். எச்சரிக்கை வரிக்கு அவ்வளவு காலம் வேண்டாம் என்று நம்புகிறேன். உங்கள் சோதனைத் தொகுப்பில் 'வெப்பநிலை'யையும் ஒரு அச்சுப் பெயராகச் சேர்த்து, பிஎன்ஜி, எஸ்விஜி, பிடிஎஃப் மூன்றிலும் வெளியிட்டுப் பாருங்கள். வருகிற படங்களைப் படித்துப் பார்த்து, எது சரி, எது தவறு என்று குறித்து அனுப்ப நான் தயார்.

அன்புடன்,
உங்கள் மென்பொருளைத் தினமும் பயன்படுத்தும் ஒருவர்