அலையாஸுக்குப் புதுப் பெயர் வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கணினிக்குக் கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் கமாண்ட் லைனில் அன்றாடம் அடிக்கும் நீண்ட கட்டளைகளுக்கு அலையாஸ் மூலம் சுருக்கப் பெயர் அமைத்துக்கொள்வது பற்றித் தங்கள் நாளிதழின் கணினிப் பகுதியில் வந்த கட்டுரையைப் படித்தேன். 1970களின் இறுதியில் பில் ஜாய் எழுதிய சி ஷெல்லில் (ஷெல் என்பது நாம் அடிக்கும் கட்டளைகளைப் படித்து இயக்கும் நிரல்) இடம்பெற்று, இன்று பாஷ், இசட் ஷெல் எனப் பலவற்றிலும் இருக்கும் இந்த வசதியைத் தமிழில் எளிமையாக விளக்கியது பாராட்டுக்குரியது. ஆயினும் அதிலுள்ள ஒரு யோசனையை மட்டும் வாசகர்கள் பின்பற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

கோப்புகளை அழிக்கும் 'ஆர்எம்' கட்டளை ஒவ்வொரு முறையும் அனுமதி கேட்கும்படி, அதே 'ஆர்எம்' என்ற பெயரிலேயே அலையாஸ் அமைக்கலாம் என்பதே அந்த யோசனை. பாதுகாப்பாகத் தோன்றும் இதில்தான் ஆபத்து இருக்கிறது. அலையாஸ் என்பது பாஷ் தொடங்கும்போது படிக்கும், நம் கணக்கிலுள்ள 'பாஷ்ஆர்சி' கோப்பில் எழுதிவைத்த ஏற்பாடு. வேறொரு சர்வருக்குள் நுழையும்போது அது நம்முடன் வருவதில்லை. எப்படியும் கேட்கும் என்று பழகிப்போன கை, கேட்காத இடத்திலும் அதே வேகத்தில் என்டரைத் தட்டிவிடும். 'ஆர்எம்' அழித்ததை மீட்டெடுக்கக் குப்பைத்தொட்டியும் கிடையாது. நிர்வாகி அதிகாரத்துடன் இயக்குவதற்காக முன்னால் 'சூடோ' சேர்த்தாலும், கட்டளையின் முதல் சொல்லையே ஷெல் அலையாஸாகப் பார்ப்பதால், அந்த ஏற்பாடு பொதுவாக வேலை செய்யாது. கட்டளைகளைத் தொகுத்து எழுதிய ஸ்கிரிப்ட்டுக்குள்ளும் பாஷ் அதை இயல்பாகக் கண்டுகொள்வதில்லை. ஆகவே 'ஆர்எம்ஐ' என்பது போல, வேறு கட்டளைக்கு இல்லாத பெயரை வைப்பதே முறை. அந்த அலையாஸ் இல்லாத கணினியில் 'அப்படியொரு கட்டளை இல்லை' என்ற பிழைச்செய்திதான் வரும், கோப்பு பத்திரமாக இருக்கும். ஒரு பெயர் ஏற்கெனவே புழக்கத்தில் உள்ளதா என்பதை 'டைப்' கட்டளை உடனே காட்டிவிடும்.

கட்டுரையில் விடுபட்ட ஒன்றையும் குறிப்பிட வேண்டும். புதிய கோப்புறையை உருவாக்கி உடனே அதற்குள் செல்ல, அதன் பெயர் கட்டளையில் இரண்டு இடங்களில் வர வேண்டும். பாஷில் அலையாஸால் இது முடியாது. நாம் பின்னால் அடிப்பது அப்படியே கடைசியில் போய் ஒட்டிக்கொள்ளும். இத்தகைய தேவைகளுக்கு, இரண்டே வரிகளில் ஒரு ஃபங்ஷன் (பெயரிட்ட கட்டளைத் தொகுப்பு) எழுதிவிடலாம். மேலும், அலையாஸை இரட்டை மேற்கோளுக்குள் எழுதினால், அதிலுள்ள மாறிகளின் மதிப்பு அமைக்கும் நேரத்திலேயே உறைந்துவிடும் என்பதால், ஒற்றை மேற்கோளே பெரும்பாலும் ஏற்றது.

புதிதாகக் கற்பவர்கள் கட்டுரையில் உள்ளதை அப்படியே நகலெடுத்துப் பயன்படுத்துவார்கள் என்பதால், அடுத்த பகுதியிலேயே இதற்கான திருத்தத்தையும் ஃபங்ஷன் எழுதும் முறையையும் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சர்வர் நிர்வாகப் பணியிலுள்ள ஒரு வாசகர்