புறப்படும் பையையும் கட்டி வை

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

மருத்துவச்சியை வைத்து வீட்டிலேயே பெற்றுக்கொள்ளலாம் என்று இருக்கிறாய். தடுப்பதற்காக இதை எழுதவில்லை. நீ ஆசைப்பட்டபடி உன் அறையில், உன் கட்டிலுக்குப் பக்கத்தில் அது நடக்க வேண்டுமானால் என்னென்ன தயாராக இருக்க வேண்டும் என்று எழுதுகிறேன். இதில் பெரும்பகுதி ஆஸ்பத்திரிக்குப் போவதைப் பற்றித்தான் இருக்கும். கோபப்படாமல் படி. தலைப்பிரசவத்தை வீட்டில் வைத்துக்கொள்பவர்கள் முதலில் யோசிக்க வேண்டியது அதைத்தான்.

கணக்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிக்கல் எதுவும் இல்லாத சுமார் 64,000 பிரசவங்களை வைத்து இங்கிலாந்தில் செய்த ஓர் ஆய்வு 2011இல் வெளிவந்தது. ஏற்கெனவே பெற்றவர்களுக்கு, வீடானாலும் ஆஸ்பத்திரியானாலும் குழந்தைக்கு ஆபத்தில் வித்தியாசம் தெரியவில்லை. தலைப்பிரசவத்தில் தெரிந்தது. டாக்டர்கள் இருக்கும் பிரசவப் பிரிவில் ஆயிரத்துக்கு 5.3 என்று இருந்தது, வீட்டில் 9.3 ஆக இருந்தது. இது இறப்பு மட்டும் அல்ல. மூளைக்கு மூச்சு போதாமல் போவது, மலம் கலந்த நீர் நுரையீரலுக்குள் போவது, தோள் நரம்பில் அடிபடுவது எல்லாம் சேர்ந்த கணக்கு. இரண்டுமே சிறிய எண்கள்தான், ஆனாலும் ஒன்றல்ல. வீட்டில் பெற நினைத்தவர்களுக்கு சிசேரியனும், குழந்தை வரும் வழியை அகலப்படுத்தக் கத்தரி வைப்பதும் குறைவாக இருந்தன என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்துத்தான் நீ முடிவெடுக்க வேண்டும்.

அதே ஆய்வில் இன்னோர் எண் இருக்கிறது. வீட்டில் தொடங்கிய தலைப்பிரசவங்களில் நூற்றுக்கு 45 பேர், வலியின் நடுவிலோ குழந்தை பிறந்த கையோடோ ஆஸ்பத்திரிக்கு மாற்றப்பட்டார்கள். மறுபிரசவத்தில் அது 12தான். போனவர்களில் பெரும்பாலோர் அலறியடித்து ஓடவில்லை. வலி நீண்டுகொண்டே போகும், கர்ப்பப்பை வாய் திறக்காது, தாய் களைத்துப்போவாள், வலி குறைய மருந்து வேண்டும் என்பாள். அதனால் போவார்கள். போவதைத் தோல்வி என்று மனத்தில் எழுதி வைத்துக்கொண்டால், போக வேண்டிய நேரத்தில் ஒரு மணி நேரம் தள்ளிப்போடத் தோன்றும். அந்த ஒரு மணி நேரத்துக்குத்தான் நான் பயப்படுகிறேன்.

உன் உடம்பு இதற்குத் தோதா என்பதை முதலில் பார். இரட்டைக் குழந்தை, தலை கீழே திரும்பாத குழந்தை, நஞ்சு (நஞ்சுக்கொடி) கர்ப்பப்பை வாயை மறைத்துக் கிடப்பது, உயர் ரத்த அழுத்தம், இன்சுலின் போடும் அளவுக்குச் சர்க்கரை, இதய நோய், வலிப்பு, முன்னால் கர்ப்பப்பையில் செய்த அறுவை இவற்றில் ஒன்று இருந்தாலும் வீடு வேண்டாம். 37 வாரம் நிறைவதற்கு முன் வலி வந்தாலும், 42 வாரம் தாண்டினாலும் அப்படியே. ஹீமோகுளோபினை இப்போதே பார்த்துவிடு. 10.5க்கு மேல் இருக்கட்டும். 8.5க்கும் 10.5க்கும் நடுவில் இருந்தால் டாக்டரிடம் உட்கார்ந்து பேசி முடிவெடு. அதற்கும் கீழே என்றால் வீட்டுப் பேச்சை விட்டுவிடு. மற்றவர்கள் தாங்கும் அரை லிட்டர் உதிரப்போக்கை ரத்தசோகை உள்ள உடம்பு தாங்காது. இரும்புச்சத்து மாத்திரை வேலை செய்யப் பல வாரம் எடுக்கும், ஒன்பதாம் மாதத்தில் ஆரம்பித்துப் பயனில்லை.

இன்று எல்லாம் சரியாக இருப்பது 38வது வாரத்துக்குச் செல்லாது. திரும்பியிருந்த குழந்தை மாறும், இல்லாத பிரஷர் வரும். ஒவ்வொரு பரிசோதனையின்போதும் இந்தக் கேள்வியைப் புதிதாகக் கேள்.

அடுத்து மருத்துவச்சி. முறையாகப் படித்து, உரிமம் பெற்று, ஓர் ஆஸ்பத்திரியோடு தொடர்பு வைத்திருப்பவரையும் மருத்துவச்சி என்கிறோம். பழக்கத்தால் நாலு பேருக்குப் பார்த்தவரையும் அப்படியே கூப்பிடுகிறோம். பிரசவம் நல்லபடியாக நடக்கும்போது இருவருக்கும் வித்தியாசமே தெரியாது. ஆகவே நேரில் கேள். உரிமத்தைப் பார். போன வருடம் எத்தனை பிரசவம் பார்த்தார், அதில் எத்தனை பேரை எதற்காக மாற்றினார் என்று கேள். ஒருவரைக்கூட அனுப்பியதில்லை என்று பெருமையாகச் சொன்னால் அவர் வேண்டாம். மூச்சு விடாத குழந்தைக்கு மூச்சு கொடுக்கும் பயிற்சியை கடைசியாக எப்போது செய்தார்? அதே இரவில் இன்னொருத்திக்கும் வலி எடுத்தால் உனக்கு யார் வருவார்கள்? குழந்தை வெளிவரும் நேரத்தில் பயிற்சி பெற்ற இன்னொருவர் கூட இருப்பாரா? இது கட்டாயம். தாய்க்கு உதிரம் போய், அதே நிமிடத்தில் குழந்தையும் துவண்டு கிடந்தால் இரண்டு கை போதாது.

கூச்சப்படாமல் அவர் பையைத் திறந்து காட்டச் சொல். குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்கும் டாப்ளர், ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி, வெப்பமானி, கிருமி நீக்கிய கத்தரியும் தொப்புள் கொடிக்குப் போடும் கிளிப்பும், கையுறைகள், சிசுவுக்கு அளவான முகமூடியோடு மூச்சுப் பை, கர்ப்பப்பையை இறுகவைக்கும் ஆக்சிடோசின் ஊசி, அதே வேலைக்கான மிசோபிரோஸ்டால் மாத்திரை, நரம்பில் ஏற்றும் திரவமும் ஊசிக்குழாயும், தையல் சாமான் எல்லாம் இருக்க வேண்டும். ஆக்சிடோசினை எங்கே வைக்கிறார் என்று தனியாகக் கேள். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்து அது. வெயிலில் பையிலேயே கிடந்தால் வீரியம் குறைந்துபோகும், பார்வைக்கு ஒன்றும் தெரியாது. ஐஸ் வைத்த பெட்டியில் கொண்டுவந்து உங்கள் ஃபிரிட்ஜில் வைக்கட்டும். உறைபெட்டியில் வைக்கக் கூடாது.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம், பிரசவத்தில் தாயைக் கொண்டுபோகும் காரணங்களில் முதலாவது உதிரப்போக்குதான். நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் ஓடுகிறது. நஞ்சு கழன்றதும் கர்ப்பப்பை பந்துபோல இறுகினால்தான் அந்த ரத்தக்குழாய்கள் நசுங்கி மூடும். இறுகாவிட்டால் திறந்த குழாய்தான். குழந்தை வந்தவுடன் தொடையில் 10 யூனிட் ஆக்சிடோசின் போடுவது அந்த இறுக்கத்துக்காக. இயற்கையாக விட்டுவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். என்னைக் கேட்டால் ஊசியைப் போட்டுக்கொள்.

எவ்வளவு போயிற்று என்பதைக் கண்ணளவில் சொன்னால் எப்போதும் குறைவாகவே சொல்வார்கள். அதனால் சமையலறை எடைக்கருவியை அறைக்குள் கொண்டுவந்து வை. விரிக்கப்போகும் பேட், துணி ஒவ்வொன்றின் காய்ந்த எடையையும் முன்கூட்டியே குறித்து வை. நனைந்த பிறகு எடை போட்டுக் கழித்தால், ஒரு கிராம் ஏறக்குறைய ஒரு மில்லி. 500 மில்லி தொட்டாலே உதிரப்போக்கு என்று பெயர். அப்போதே ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும், ஆயிரம் ஆகட்டும் என்று காத்திருக்கக் கூடாது. வண்டி வரும்வரை மருத்துவச்சி கர்ப்பப்பையைத் தேய்த்து இறுகவைப்பார், மருந்து கொடுப்பார், சிறுநீர்ப்பையைக் காலி செய்வார். நிறைந்த சிறுநீர்ப்பை கர்ப்பப்பையை இறுக விடாது. வலியின்போதும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சிறுநீர் போ. ஊசி போட்டு அரை மணியாகியும், ஊசி போடாமல் ஒரு மணியாகியும் நஞ்சு வராவிட்டால் புறப்பட வேண்டியதுதான். யாரும் கொடியைப் பிடித்து இழுத்துப் பார்க்க வேண்டாம். வந்த நஞ்சை விரித்து முழுதாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு துண்டு உள்ளே தங்கினாலும் உதிரம் நிற்காது, பிறகு காய்ச்சலும் வரும்.

குழந்தைக்கு அந்த முதல் நிமிடம். பத்தில் ஒன்பது குழந்தைகள் தாமாகவே மூச்சு விடும். மீதியில் பலவும், துடைத்து முதுகைத் தேய்த்தாலே அழுதுவிடும். அப்படியும் அழாத குழந்தைக்கு ஒரு நிமிடத்துக்குள் முகமூடி வைத்து நிமிடத்துக்கு 40 முறை அளவில் மூச்சு கொடுக்கத் தொடங்க வேண்டும். மெத்தையில் அதைச் செய்ய முடியாது. கழுத்து மடங்கும், முகமூடி பொருந்தாது. இடுப்பு உயரத்தில் கெட்டியான மேசை ஒன்று, மேலே நல்ல விளக்கு, விரிக்க இரண்டு உலர்ந்த துண்டு, இவை கட்டிலுக்கு அருகிலேயே முதல் நாளே தயாராக இருக்கட்டும். மின்சாரம் போனால் எரிய சார்ஜ் செய்த விளக்கும் வேண்டும். அறை 25 டிகிரிக்குக் குறையக் கூடாது. மின்விசிறியையும் ஏசியையும் நிறுத்திவிடு. உனக்கு வியர்க்கும், ஆனால் ஈரத்தோடு வரும் பிள்ளைக்குக் குளிர் ஆகாது. நன்றாக அழுகிற பிள்ளையை உன் மார்பில் தோலோடு தோலாகப் போட்டு, மேலே துண்டு மூடி, கொடியை ஒன்று முதல் மூன்று நிமிடம் கழித்து வெட்டலாம். ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால். குளிப்பாட்டுவது ஒரு நாள் கழித்து.

மற்ற சாமான்கள் சுலபம். தண்ணீர் உறிஞ்சாத விரிப்பு இரண்டு, துவைத்து வெயிலில் காயவைத்த பழைய துணிகள், பத்துத் துண்டு, குப்பைக்குக் கெட்டியான பை, சோப்பு, ஓடும் தண்ணீர். வெந்நீர்த் தொட்டியில் இருக்க ஆசைப்பட்டால் தண்ணீர் 37.5 டிகிரியைத் தாண்டக் கூடாது, மணிக்கு ஒருமுறை அளந்து பார்க்கட்டும். மருத்துவச்சி வெளியே வா என்றால் மறுபேச்சு வேண்டாம்.

எப்போது புறப்படுவது என்பதை வலி வந்த பிறகு விவாதிக்காதே. மருத்துவச்சியோடு இப்போதே உட்கார்ந்து ஒரு தாளில் எழுது, நீ, மாப்பிள்ளை, அவர் மூன்று பேரும் படித்து ஒப்புக்கொள்ளுங்கள். தீவிர வலி தொடங்கியதும் குழந்தையின் துடிப்பை 15 நிமிடத்துக்கு ஒருமுறையும், முக்கும்போது 5 நிமிடத்துக்கு ஒருமுறையும், வலி ஓய்ந்தவுடன் முழு நிமிடம் கேட்க வேண்டும். 110க்குக் கீழே போனாலோ 160க்கு மேலே நின்றாலோ புறப்பட வேண்டும். பனிக்குட நீர் பச்சையாகக் கெட்டியாக வந்தால், குழந்தை வருவதற்கு முன் ரத்தமாகப் போனால், காய்ச்சல் 38 தொட்டால், பிரஷர் 140/90ஐத் தாண்டி அரை மணி கழித்தும் அப்படியே நின்றால், நாலு மணி நேரம் நல்ல வலி இருந்தும் கர்ப்பப்பை வாய் மேற்கொண்டு இரண்டு சென்டிமீட்டர்கூடத் திறக்காவிட்டால், முக்க ஆரம்பித்து இரண்டு மணி நேரமாகியும் குழந்தை வரும் அறிகுறி இல்லாவிட்டால் புறப்படுங்கள். பிரஷர் 160/110 என்றால் இரண்டாம் முறை அளக்கவே காத்திருக்க வேண்டாம். பனிக்குடம் உடைந்து ஒரு நாளாகியும் வலி வராவிட்டாலும் போக வேண்டும், கிருமி ஏறும். கடைசி வரியாக இதையும் எழுது: எனக்கே போக வேண்டும் என்று தோன்றினால், காரணம் கேட்க வேண்டாம்.

பனிக்குடம் உடைந்தவுடன் கொடி முதலில் வெளியே வந்துவிட்டால் மட்டும் எதையும் யோசிக்காதே. முழங்காலும் மார்பும் தரையில் படும்படி, இடுப்பு மேலே இருக்கக் கவிழ்ந்துகொள். குழந்தையின் தலை கொடியை நசுக்காமல் இருக்க அந்த நிலை. கொடியைத் தொட வேண்டாம், உள்ளே தள்ளவும் வேண்டாம். வண்டி வரட்டும்.

மாப்பிள்ளைக்கு ஒரு வேலை. வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி எத்தனை கிலோமீட்டர் என்பதை வைத்துக் கணக்குப் போட வேண்டாம். ஆம்புலன்ஸ் வர எவ்வளவு நேரம், உன்னைப் படியில் இறக்க எவ்வளவு நேரம், லிஃப்டில் ஸ்ட்ரெச்சர் நுழையுமா, நெரிசல் நேரத்தில் பாதை எப்படி, உள்ளே போனதும் எந்த வாசல் என்று எல்லாவற்றையும் கூட்டிப் பார்க்கட்டும். ஒருமுறை பகலிலும் ஒருமுறை நள்ளிரவிலும் போய்ப் பார்க்கட்டும். மொத்தம் அரை மணியைத் தாண்டினால், பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்கு அருகில் ஒரு வீட்டைப் பார்த்துக்கொள்வது நல்லது. அந்த ஆஸ்பத்திரியில் இப்போதே பதிவு செய். ரத்த வகை, ஸ்கேன், பரிசோதனை முடிவுகள் அங்கே இருக்கட்டும், நகல் பையில் இருக்கட்டும். சிசேரியனும் ரத்தம் ஏற்றுவதும் இரவிலும் நடக்கும் இடமா என்று கேட்டுக்கொள். உன் ரத்த வகை நெகட்டிவாக இருந்து குழந்தைக்குப் பாசிட்டிவ் என்றால் 72 மணி நேரத்துக்குள் உனக்கு ஆன்டி-டி என்ற ஊசி போட வேண்டும். அது எங்கே கிடைக்கும் என்றும் கேள்.

பிறந்த பிறகு எல்லோரும் குழந்தையைப் பார்ப்பார்கள், உன்னைப் பார்க்க மாட்டார்கள். மருத்துவச்சி குறைந்தது இரண்டு மணி நேரம் கூட இருந்து, 15 நிமிடத்துக்கு ஒருமுறை கர்ப்பப்பை இறுகியிருக்கிறதா என்று கை வைத்துப் பார்க்கட்டும். ஆறு மணி நேரத்துக்குள் சிறுநீர் போக வேண்டும். கிழிசல் ஆசனவாய் வரை போயிருந்தால் வீட்டில் தைக்கக் கூடாது. குழந்தைக்குத் தொடையில் 1 மில்லிகிராம் வைட்டமின் கே ஊசி, 24 மணி நேரத்துக்குள் ஹெபடைடிஸ் பி (கல்லீரலைத் தாக்கும் ஒரு வகை மஞ்சள் காமாலை) தடுப்பூசி. மறுநாளும், மூன்றாம் நாளும், பத்து நாள் வாக்கிலும், ஆறாம் வாரத்திலும் அவர் வர வேண்டும் என்று தேதியோடு பேசிக்கொள். நடுவில் ஒரு மணி நேரத்துக்குள் ஒரு பேட் முழுக்க நனைந்தாலோ, கடும் தலைவலியோடு கண் மங்கினாலோ, கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ அவர் வரும் தேதிக்காகக் காத்திருக்காதே. குழந்தை பால் குடிக்க மறுத்தாலும், நிமிடத்துக்கு 60க்கு மேல் மூச்சு விட்டாலும், முதல் 24 மணி நேரத்துக்குள் மஞ்சளானாலும் அப்படியே. பிறப்பைப் பதிவு செய்ய மருத்துவச்சியிடமிருந்து என்ன கடிதம் வேண்டும் என்று இப்போதே விசாரித்து வை.

மருத்துவச்சியைப் பார்த்துவிட்டு வந்ததும் மூன்று பதில் எனக்கு எழுது. போன வருடம் எத்தனை பேரை மாற்றினார், இரண்டாவதாக வருபவர் யார், வாசலிலிருந்து ஆஸ்பத்திரிப் படுக்கை வரை எத்தனை நிமிடம். ஹீமோகுளோபின் அளவையும் சேர்த்து அனுப்பு.

உன் அம்மா