அந்த மேடையை ஒரே வரியில் தாண்டலாமா?

ஆசிரியருக்கு,

நடிகர் சிவகார்த்திகேயன் பற்றிய உங்கள் கட்டுரை படித்தேன். 2012-ல் வந்த ‘மெரினா’ படத்திலிருந்து அவர் கணக்கைத் தொடங்கியிருக்கிறீர்கள். விஜய் டிவியின் ‘கலக்கப் போவது யாரு’ மேடையில் மிமிக்ரி செய்து ஜெயித்ததும், ‘அது இது எது’ நிகழ்ச்சியை நடத்தியதும் ஒரே வரியில் போய்விட்டன. அவருக்குப் பள்ளிக்கூடமே அதுதானே! ஒரு ஜோக்குக்கு முன்னால் எவ்வளவு நேரம் சும்மா நிற்க வேண்டும் என்பதெல்லாம் மேடையில்தான் படியும். 2021-ல் வந்த ‘டாக்டர்’ படத்தைப் பாருங்கள். அவர் முகத்தில் சிரிப்பே இல்லை, ஜோக்கெல்லாம் சுற்றியிருப்பவர்களுக்கு. நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். அப்புறம் ‘அமரன்’ (2024). மேஜர் முகுந்த் வரதராஜனாக அவர் நின்றபோது பழைய டிவி முகம் எனக்கு ஞாபகமே வரவில்லை. அடுத்த முறை அந்த மேடை நாட்களுக்கு அரைப் பக்கமாவது ஒதுக்குங்கள்.

– ஒரு வாசகர், ஸ்ரீரங்கம்