விரிசல் இல்லாத பெல்ட்டும் தேய்ந்திருக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மழைக்காலத்துக்கு முன் கார்களில் கவனிக்க வேண்டியவை பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். வைப்பர், டயர், பிரேக் குறித்த பகுதிகள் மிகவும் பயனுள்ளவை. ஆனால் எஞ்சின் பெல்ட் பற்றிய பத்தியில் இடம்பெற்ற இரண்டு கருத்துகளைத் திருத்தியே ஆக வேண்டும் என்று கருதுகிறேன். பெல்ட்டில் விரிசல் தென்படாத வரை மாற்ற வேண்டியதில்லை என்பது ஒன்று. அந்த வேலையை வீட்டில் யாரும் தொடவே கூடாது என்பது மற்றொன்று. முதலாவதை நம்பி இருப்பவரின் கார் ஒரு நாள் நடுவழியில் நிற்கும். இரண்டாவது சில கார்களுக்கு முற்றிலும் சரி, பல கார்களுக்குப் பொருந்தாது. எதில் தொடலாம், எதில் கூடாது என்று பிரித்துச் சொல்லியிருந்தால் வாசகர்களுக்கு உதவியாக இருந்திருக்கும்.

ஃபேன் பெல்ட் என்று வழக்கமாகச் சொல்லப்படும் இந்த வெளிப் பெல்ட், எஞ்சினோடு சேர்ந்து சுழலும் கிராங்க் புல்லியின் சுழற்சியை, பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டருக்கும், பல கார்களில் எஞ்சினைக் குளிர்விக்கும் நீரைச் சுற்றவைக்கும் வாட்டர் பம்ப், பவர் ஸ்டீயரிங் பம்ப், ஏ.சி. கம்ப்ரஸர் ஆகியவற்றுக்கும் கொண்டு செல்கிறது. அனைத்தையும் ஒரே பெல்ட் சுற்றிவரும் கார்கள் உண்டு. ஆல்டர்னேட்டருக்கும் வாட்டர் பம்புக்கும் ஒன்று, ஏ.சி.க்குத் தனியாக ஒன்று என இரண்டு பெல்ட் உள்ள கார்களும் உண்டு. வாட்டர் பம்பை ஓட்டும் பெல்ட் அறுந்தால் முதலில் பேட்டரி விளக்கு எரியும், சிறிது நேரத்தில் வெப்பம் ஏறத் தொடங்கும். அந்த இடத்திலேயே எஞ்சினை அணைத்துவிட வேண்டும். அடுத்த ஊர் வரை போய்விடலாம் என்று ஓட்டுகிறவர், சில நூறு ரூபாய் பெல்ட்டோடு முடிந்திருக்க வேண்டிய செலவை, எஞ்சின் பிளாக்குக்கும் சிலிண்டர் ஹெட்டுக்கும் இடையே உள்ள ஹெட் கேஸ்கட் வரைக்கும், சில சமயம் சிலிண்டர் ஹெட் வளைவது வரைக்கும் கொண்டுபோய் விடுகிறார்.

விரிசலைப் பார்க்கச் சொல்லும் அறிவுரை ஒரு காலத்தில் சரியாகத்தான் இருந்தது. முந்தைய தலைமுறைப் பெல்ட்டுகளில் நியோப்ரீன் வகை ரப்பர் இருந்தது. எஞ்சின் சூட்டில் அது வறண்டு, குறுக்கு வாட்டில் வெடித்து, துணுக்குத் துணுக்காகப் பெயரும். பானெட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தாலே அதன் நிலை தெரிந்துவிடும். இப்போது கார்களில் வரும் பல வரிகள் கொண்ட பெல்ட்டுகள் பெரும்பாலும் ஈ.பி.டி.எம். என்ற ரப்பரால் ஆனவை. இந்த ரப்பர் சூட்டை நன்றாகத் தாங்குவதால், ஆயுள் முடிந்த பிறகும் வெடிக்காமல், மேற்பார்வைக்குப் புதிது போலவே இருக்கக்கூடும். டயர் மொட்டையாவதைப் போலத் தேய்ந்து தேய்ந்துதான் இது தீர்கிறது.

பெல்ட்டின் உட்புறத்தில் நீளவாக்கில் ஓடும் வரிகள் புல்லியின் பள்ளங்களுக்குள் இறங்கி, பக்கச் சுவர்களால்தான் பிடிக்கின்றன. தேயத் தேய வரிகள் ஒல்லியாகி, அவற்றுக்கு இடைப்பட்ட பள்ளங்கள் அகன்று ஆழமாகின்றன. பெல்ட் புல்லிக்குள் மேலும் கீழே இறங்கி உட்காருகிறது. ஒரு கட்டத்தில் புல்லியின் மேடுகள் பெல்ட்டின் பள்ளத்து அடியைத் தொட்டுவிடும். அதன் பிறகு பக்கப் பிடிப்பு இல்லை. இந்த நிலைக்கு வர ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தேய்மானமே போதும், அதைக் கண்ணால் கண்டுபிடிப்பது கடினம். பெல்ட் நிறுவனங்கள் இதற்கென்றே சிறிய பிளாஸ்டிக் அளவுகோல் தருகின்றன. அதன் மெல்லிய குச்சியைப் பெல்ட்டின் பள்ளத்தில் வைத்தால் அது வரிகளுக்கு மேலே எழும்பி நிற்க வேண்டும். வரிகளோடு சமமாகப் புதைந்துவிட்டால் அந்தப் பெல்ட்டை மாற்றிவிட வேண்டும், விரிசல் ஒன்றுகூட இல்லாவிட்டாலும். அளவுகோல் கிடைக்காதவர்கள் உதிரிபாகக் கடையில் அதே எண்ணுள்ள புதிய பெல்ட்டை வாங்கி, வரிகளின் குறுக்கே விரல் நகத்தை ஓட்டி இரண்டையும் ஒப்பிட்டாலே வேறுபாடு கைக்குத் தெரியும்.

மழைக்காலத்தில் இது இன்னும் முக்கியமாகிறது. தேங்கிய நீரில் கார் போகும்போது பெல்ட் மீது தெறிக்கும் தண்ணீர், நல்ல பெல்ட்டில் பள்ளங்களின் வழியே வெளியேறிவிடும். தேய்ந்த பெல்ட்டில் வெளியேற இடமின்றித் தங்கி, பெல்ட்டை வழுக்கச் செய்யும். ஹெட்லைட், வைப்பர், ஏ.சி. எல்லாம் ஒருசேர ஓடி ஆல்டர்னேட்டர் மீது சுமை கூடியிருக்கும் நேரமும் அதுதான். அப்போது கேட்கும் கீச்சொலியை அடக்க சோப்பைத் தேய்ப்பதும் ஸ்பிரே அடிப்பதும் பரவலாக இருக்கிறது. தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள் என்று தங்கள் நாளிதழ் எழுத வேண்டும். சத்தம் அடங்குமே தவிர அதன் காரணம் அப்படியே இருக்கும். எண்ணெய்ப் பசை உள்ள ஸ்பிரே பெல்ட்டையே கெடுக்கும். மாறாக, எஞ்சின் ஐடிலில், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல், ஓடும்போது, கையும் துணியும் பெல்ட்டுக்கு அருகே போகாதபடி தள்ளி நின்று, பெல்ட்டின் வரிப் பக்கத்தில் சிறிது தண்ணீரைப் பீய்ச்சிப் பாருங்கள். சத்தம் சற்று நேரம் அடங்கி மீண்டும் வந்தால், புல்லிகள் ஒரே நேர்கோட்டில் இல்லை என்று பொருள். சத்தம் அதிகமானால் பெல்ட் தளர்ந்து வழுக்குகிறது. முதல் வகையில் புதுப் பெல்ட் போட்டும் பயனில்லை, அதுவும் விரைவில் தேயும்.

இனி, வீட்டில் மாற்றுவது பற்றி. மதுரையில் வி-பெல்ட் தயாரிக்கும் ஃபென்னர் ஆலை இருக்கிறது; பம்ப் செட்டுக்கும் மாவு மில்லுக்கும் பெல்ட் மாற்றிப் பழகிய கைகள் எங்கள் பக்கத்து ஊர்களில் ஏராளம். ஆல்டர்னேட்டரை நகர்த்தி இறுக்கம் வைக்கும் அமைப்புள்ள சிறிய கார்களில் அந்தக் கைகளுக்கு இந்த வேலை எட்டாததன்று. ஆனால் பம்ப் செட்டில் இல்லாத சில ஆபத்துகள் காரில் உண்டு. எஞ்சின் முழுவதும் ஆறிய பிறகு, சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றிய பின்பே கை வைக்க வேண்டும். ஆல்டர்னேட்டரின் பின்னால் பேட்டரியிலிருந்து நேராக வரும் கம்பியில் எப்போதும் மின்சாரம் இருக்கும். ஸ்பேனர் அதையும் எஞ்சினையும் ஒரே நேரத்தில் தொட்டால் தீப்பொறி பறக்கும். சாவியை எடுத்த பிறகும் ரேடியேட்டர் விசிறி தானாகச் சுழலும் கார்களும் உள்ளன. எஞ்சின் குறுக்காக அமைந்த முன்சக்கர ஓட்டக் கார்களில் பெல்ட்டை எட்டுவதற்குச் சக்கரத்தைக் கழற்ற நேரிடலாம்; அப்போது ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்ட் கொடுத்து, மற்ற சக்கரங்களுக்குக் கட்டை வைப்பது கட்டாயம்.

கழற்றும் முன் பெல்ட் எந்தப் புல்லியின் மேல், எந்தப் பக்கமாகச் சுற்றி வருகிறது என்று ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள், கைப்பேசியில் படமும் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு ஆல்டர்னேட்டரின் கீல் போல்ட்டையும் பூட்டு போல்ட்டையும் தளர்த்தி, அட்ஜஸ்டிங் போல்ட்டைத் திருப்பினால் ஆல்டர்னேட்டர் எஞ்சின் பக்கமாகச் சாய்ந்து பெல்ட் கழன்றுவிடும். ஸ்குரூ டிரைவரால் நெம்பிக் கழற்றவோ மாட்டவோ கூடாது. நெம்பினால் உள்ளிருக்கும் இழைகள் அறும், அந்தப் பெல்ட் நீண்ட நாள் வராது. பெல்ட் இல்லாத இந்தச் சில நிமிடங்கள் மிகவும் மதிப்புள்ளவை. ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றிப் பாருங்கள். கரகரத்தால் பேரிங் போய்க்கொண்டிருக்கிறது. வாட்டர் பம்ப் புல்லியைப் பிடித்து ஆட்டும்போது ஆட்டம் இருந்தாலோ, பம்பின் அடியில் கூலண்ட் கசிந்து காய்ந்த தடம் இருந்தாலோ, பெல்ட்டை மட்டும் மாற்றுவது வீண் செலவு.

புதுப் பெல்ட்டின் முதுகில் உள்ள எண்ணைப் பழையதோடு ஒப்பிட்டுத்தான் வாங்க வேண்டும். 4 பி.கே. 855 என்று இருந்தால் நான்கு வரிகள், 855 மில்லிமீட்டர் நீளம் என்று பொருள். பழையது எழுத்தழிந்திருந்தால் காரின் மாடலையும் ஆண்டையும் சொல்லிக் கேட்பதே நல்லது. மாட்டும்போது ஒவ்வொரு வரியும் அதனதன் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று எல்லாப் புல்லிகளிலும் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். வீட்டில் மாற்றுபவர்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான்: ஒரு வரி மட்டும் புல்லியின் விளிம்புக்கு வெளியே தொங்கும், எஞ்சினை ஓட்டிய சிறிது நேரத்தில் அது நாராகக் கிழிந்துவிடும்.

இறுக்கம் வைப்பதில் கைத்திறனைவிடப் பொறுமை முக்கியம். இரண்டு புல்லிகளுக்கு இடைப்பட்ட நீளமான பகுதியின் நடுவில் சுமார் 10 கிலோ விசையில் கட்டைவிரலால் அழுத்தினால் எத்தனை மில்லிமீட்டர் இறங்க வேண்டும் என்பது காருக்குக் கார் மாறும். சர்வீஸ் கையேட்டில் உள்ள அளவே இறுதியானது. வழுக்கக் கூடாது என்ற எண்ணத்தில் அளவுக்கு மீறி இறுக்கினால் ஆல்டர்னேட்டரின் பேரிங்கும் வாட்டர் பம்பின் பேரிங்கும் சீக்கிரம் போய்விடும். புதுப் பெல்ட் சிறிது ஓடிய பிறகு படிந்து தளரும் என்பதால், எஞ்சினைச் சில நிமிடங்கள் ஓட்டி, ஆறவிட்டு, மறுபடி அழுத்திப் பார்க்க வேண்டும்.

வீட்டில் தொடக்கூடாதவை எவை என்பதையும் அதே தெளிவோடு சொல்ல வேண்டும். பெல்ட்டைத் தானாக இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரோ அட்ஜஸ்டிங் போல்ட்டோ இல்லாமல், இழுத்து மாட்டப்படும் பெல்ட்டுகள் சில எஞ்சின்களில் உள்ளன. அவற்றை மாட்டத் தனிக் கருவி வேண்டும், ஒருமுறை கழற்றியதை மீண்டும் போடக் கூடாது. சுஸுகியின் ஸ்மார்ட் ஹைப்ரிட் போன்ற கார்களில் அதே பெல்ட்தான் எஞ்சினை மீண்டும் ஸ்டார்ட் செய்யவும் உதவுகிறது, அதன் டென்ஷனரும் வேறு வகை. எல்லாவற்றுக்கும் மேலாக, வால்வுகள் பிஸ்டனின் ஓட்டத்தோடு ஒத்துத் திறந்து மூடச் செய்யும், மூடிக்குள் இருக்கும் டைமிங் பெல்ட். அது ஒரு பல் தவறினாலும் எஞ்சினின் ஓட்டம் கெடும். பல எஞ்சின்களில் அது அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதி வளைந்துவிடும்.

தங்கள் கட்டுரையின் அருகே வெளியான படத்தில் இருந்தது பற்கள் கொண்ட டைமிங் பெல்ட்; விளக்கத்தில் ஃபேன் பெல்ட் என்று அச்சாகியிருந்தது. அந்தப் படத்தைப் பார்த்து யாராவது டைமிங் பெல்ட்டின் மூடியைக் கழற்றிவிடக் கூடாது என்ற கவலையே இக்கடிதத்தை எழுத முதற்காரணம். அடுத்த ஞாயிறு இணைப்பில், இரண்டு பெல்ட்டுகளின் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வெளியிட்டு, இந்தத் திருத்தத்தையும் அதே அளவு எழுத்தில் அச்சிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மோட்டார் மெக்கானிக் பயிற்றுநர்,
மதுரை.