சம்ப் ஒழுகவில்லை, நன்றி!

அன்பு உறவுகளே, நண்பர்களே,

போன ஞாயிறு இரவு எட்டரை மணிக்குத் தெருவே இருண்டது. கரண்ட் போனால் வழக்கமாக விசிறியைத் தேடுகிறவன், அன்று டார்ச்சோடு கடல்மீன் தொட்டிக்குக் கீழே உள்ள அலமாரிக்குள் தலையை விட்டேன். மேல் தொட்டித் தண்ணீர் குழாய் வழியே இறங்கி, நான் அக்ரிலிக்கில் கட்டிய சம்ப்பின், அதாவது தண்ணீரைச் சுத்தம் செய்யும் கீழ்த் தொட்டியின், விளிம்புக்கு மூன்று விரற்கடை கீழே நின்றது. ஒரு சொட்டு வெளியே இல்லை. இந்த மடலை அப்போதே எழுதியிருக்க வேண்டும்.

முதல் நன்றி சித்தப்பாவுக்கு. பொதுப்பணித் துறையில் ஓவர்சீயராக இருந்தவர். நான் வரைந்த படத்தைப் பார்த்து ஒன்றுதான் கேட்டார்: "கரண்ட் போனா இந்தத் தண்ணி எங்கடா போகும்?" மேல் தொட்டி 48-க்கு 24 அங்குலம். சம்ப் 36-க்கு 16, பரப்பில் சரிபாதி. மேலே 1 அங்குலம் இறங்கினால், அதாவது ஏறக்குறைய 19 லிட்டர், கீழே 2 அங்குலம் ஏறும். நான் அந்தக் கணக்கே போடவில்லை. சம்ப்பில் காலி இடம் விட்டதும், தண்ணீர் திரும்பும் குழாயில் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே, காற்று புகுந்து தண்ணீர் இறங்குவது நிற்கும்படி, காற்றுத் துளை போட்டதும் அவர் கேட்ட கேள்வியால்தான். துளையைப் பாசி அடைத்துக்கொள்ளும். மாதம் ஒருமுறை குச்சியால் குத்திவிடுகிறேன், சித்தப்பா.

அடுத்து, பெயர்ப்பலகைக் கடை அண்ணன். தொட்டி அழுக்கை நுரையாக்கி வெளியேற்றும் ஸ்கிம்மர் என்றால் என்னவென்று அவருக்கு இன்றுவரை தெரியாது. 10 எம்எம் ஷீட்டை நான் லேசரில் வெட்டி வாங்கியிருந்தேன். விளிம்பு கண்ணாடி மாதிரி பளபளத்தது, எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒட்டுவதற்குக் குளோரோஃபார்ம் விட்டதும் அந்தப் பளபளப்பு முழுக்க முடி முடியாக விரிசல். உடைந்துபோய் அவர் கடைக்குத் தூக்கிப் போனேன். நகத்தால் ஒரு தடவு தடவிவிட்டு, "தம்பி, இது சூட்டுல வெந்த விளிம்பு. உள்ளுக்குள்ள இறுக்கம் இருக்கும், மருந்து பட்டா வெடிக்கத்தான் செய்யும்" என்றார். விளிம்பைச் சீவும் ரூட்டர் மெஷினில் ஓட்டி, ஹேக்ஸா பிளேடின் முதுகால் இழுத்து இழுத்து வழித்தார். சுருள் சுருளாக வந்தது. அடுத்த முறை அச்சில் வார்த்த காஸ்ட் ஷீட்டாகக் கேட்டு வாங்கச் சொன்னார். குளோரோஃபார்ம் பசை இல்லையாம். இரண்டு பரப்பையும் கரைத்து ஒன்றாக்கிவிட்டுத் தான் ஆவியாகிவிடுமாம். அதனால் இடைவெளி இருந்தால் அது நிரப்பாது. காசு எவ்வளவு என்றதற்கு, "டீ வாங்கிக் கொடு" என்றார்.

கொளத்தூர் மீன் கடைத் தம்பி குண்டூசி வித்தை சொல்லித் தந்தான். இரண்டு துண்டுக்கும் நடுவில் வரிசையாக ஊசி வைத்து, சிரிஞ்சால் மருந்தை ஓடவிட்டு, அரை நிமிடம் பொறுத்து ஊசிகளை உருவ வேண்டும். ஷீட் தன் எடையிலேயே உட்காரும். சரியாக ஒட்டிய இடம் தண்ணீர் போலத் தெளிவாகத் தெரியும்; குமிழி தெரிந்தால் ஒழுகும். எனக்கு இரண்டு இடத்தில் குமிழி. மூன்றாவது முறைதான் சரியாக வந்தது.

பக்கத்து வீட்டு அக்கா, வற்றல் காயும் மொட்டை மாடியை ஒரு வாரம் எனக்கு விட்டுத் தந்தீர்கள். அந்த ஆவியைப் பூட்டிய அறையில் முகர்ந்தால் ஆபத்து. வற்றலில் வாடை ஏறியிருந்தால் மன்னியுங்கள்.

பவளம் வைத்திருக்கிறாயா என்று கேட்பவர்களுக்கு: கல்பவளம் எதுவும் இல்லை. 2001 முதல் அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. மஷ்ரூம் வகை மென்பவளமும் இரண்டு கோமாளி மீன்களும்தான்.

ஸ்கிம்மர் மூன்று நாள் சும்மா குமிழி விட்டது. நான்காம் நாள் பொடிக்குமிழியில் அழுக்குப் பிசுக்கு ஒட்டி நுரையாக ஏறி, கோப்பையில் கடுந்தேநீர் நிறத்தில் வழிந்தது. வீட்டம்மா மோந்து பார்த்துவிட்டு, "கூவத்தை வீட்டுக்குள்ளயே கொண்டு வந்துட்டீங்களா?" என்றாள். கூடத்தில் இரண்டு மாதம் அக்ரிலிக் தூள் பொறுத்தவளுக்கு அதைக் கேட்க உரிமை உண்டு. உனக்கும் நன்றி, கோப்பையை இனி மாடியில்தான் கழுவுவேன்.

அண்ணே, உங்க சிரிஞ்ச் இன்னும் என்கிட்டதான் இருக்கு. இந்தச் சனிக்கிழமை கொண்டு வர்றேன். டீயும் பாக்கி.

நன்றியுடன்,
மீன் தொட்டிக்காரன்